பதினாலு பேர் ஏறியிருக்கிற வீடு

பதினாலு பேர் ஏறியிருக்கிறார்கள் என்று கேபிள் ஆபீஸ் பெண் போனில் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். இந்த வீட்டில் இருப்பதே நானும் சுலோசனாவும். எங்கள் இரண்டு பேருக்குள் பேச்சே அளந்துதான் நடக்கிறது, இதில் பதினாலு பேருக்கு எங்கே இடம். "உங்க வைஃபைல ஏறியிருக்கற போனு, டிவி எல்லாஞ் சேத்தித்தானுங்க சார். அதாங்க நெட்டு இழுக்குது. உங்க ஆளுக இல்லாத யாரோ யூஸ் பண்றாங்க" என்றாள். பேர் பிரபாவதி, பணம் கட்ட மாசாமாசம் நினைவுபடுத்துகிறவளும் அவள்தான். "இன்னைக்குள்ள பாஸ்வேர்டு மாத்திருங்க சார். இல்லீன்னா மேல இருந்து லைனை நிறுத்திப்போடுவாங்க. பழசு என்னன்னு சொல்லுங்க, அதப் போட்டாத்தான் எங்க சிஸ்டத்துல புதுசு ஏறும்." பழசு என்னவென்று எனக்குத் தெரியாதா. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். "அது வீட்டம்மாவுக்குத்தான் தெரியும் கண்ணு, உழவர் சந்தைக்குப் போயிருக்காங்க, வந்ததும் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நாக்கூசாத பொய். அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, அடுத்தவன் பொய்யைப் பிடித்துப் பிடித்தே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன் நான். டிக்கெட் எடுக்காதவன் சட்டைப் பையைத் தடவுகிற தடவலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். இப்போது என் கையும் சட்டைப் பையைத்தான் தடவிக்கொண்டிருக்கிறது. பழைய பாஸ்வேர்டு என் மகள் பேர். அதை நான் வாய்விட்டுச் சொல்லி இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

அவள்தான் இந்த இணைப்பையே வாங்கினாள். கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று எங்களுக்கு மேலே இருக்கிற மாடி ரூமில் மேஜை போட்டு உட்கார்ந்த காலம். ஆள் வந்து பெட்டியை மாட்டிவிட்டு என்ன பாஸ்வேர்டு வைக்கட்டும் என்று கேட்டபோது தன் பேரையே சொன்னாள். "வேற எதை வெச்சாலும் நீங்க மறந்துருவீங்கப்பா. எம் பேரை மறக்க மாட்டீங்கல்ல?" மறக்கவில்லை சாமி, மறந்தால் தேவலை என்று எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா. காய்ச்சல் என்று படுத்தாள், வெறும் காய்ச்சல், மாத்திரை போட்டால் வேர்த்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னோம், வேர்க்கவே இல்லை. கருமாதி அன்று என் தங்கச்சி அவள் பேரைச் சொல்லி ஓவென்று அழுதாள், நான் பந்தலிலேயே சாய்ந்துவிட்டேனாம். கண்ணைத் திறந்தால் தலைமாட்டில் சோடா பாட்டிலும் முகம் வெளுத்த சுலோசனாவும். அன்றைக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடிப் பேசாமலே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது, இவன் காதில் அந்தப் பேர் விழக்கூடாது என்று. நான் அப்படிக் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சௌகரியமாக இருந்தது, ஒப்புக்கொண்டேன். சுலோசனா 'மாடியில' என்பாள், 'அப்ப' என்பாள், 'அந்தத் தீவாளிக்கு' என்பாள், பேரை மட்டும் சுற்றிக்கொண்டு போவாள், நடையில் படுத்துத் தூங்குகிறவரை மிதித்துவிடாமல் தாண்டிப் போகிற மாதிரி. மேட்டூர் ரோட்டில் அந்தப் பேரில் ஒரு மளிகைக்கடை இருக்கிறது. இரண்டு தெரு சுற்றினாலும் நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே, கூடத்துச் சுவரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு தொங்குகிற அந்தப் பெட்டிக்குள் பேர் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு எப்படி இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று. தோன்றியிருக்கும். தோன்றியதைத் தோன்றாதது போல வைத்திருந்திருப்பேன். சரி, இப்போது நல்ல சாக்கு கிடைத்திருக்கிறது. கேபிள் ஆபீஸே மாற்றச் சொல்கிறது. கடைசியாக ஓட்டம் போன பஸ் நம்பரையோ டெப்போ நம்பரையோ போட்டுவிட்டால் தீர்ந்தது, வருகிறவனுக்கும் போகிறவனுக்கும் சொல்லலாம், யார் நெஞ்சும் அடைக்காது. இதை நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. வந்த கையோடு அந்த நிம்மதி மேல் ஓர் அருவருப்பும் வந்தது, பெற்ற பெண்ணை வீட்டை விட்டு இன்னொரு தடவை அனுப்பப் பார்க்கிறாயே சென்னியப்பா என்று.

சரி, அதற்கு முன்னால் யார் யார் என்று பார்த்துவிடலாம். தொழில் புத்தி, வண்டியில் ஏறினால் தலையை எண்ணாமல் இறங்கத் தெரியாது. போனில் அதற்கென்று ஒரு ஆப், அதையும் அவள்தான் போட்டுத் தமிழில் வருகிற மாதிரி செய்து கொடுத்தாள். திறந்தால் வரிசையாக நிற்கிறது. என் போன். சுலோசனா போன். டிவி. அதற்குக் கீழே அறியப்படாத சாதனம், அறியப்படாத சாதனம், அறியப்படாத சாதனம். என்ன மரியாதையான வார்த்தை. டிக்கெட் எடுக்காதவனை நாங்களெல்லாம் வித்தவுட் என்போம், அவ்வளவுதான். கட்டை விரலால் மேலே தள்ளிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். விரல் தானாக நின்றது. அவள் போனுக்கு அவள் பேரையே வைத்திருந்தாள், இந்த வரிசையில் அதுவும் இருந்தால்? அந்தப் போன் பீரோவில் சுலோசனாவின் பட்டுப்புடவைக்கு அடியில் அணைத்து வைத்துக் கிடக்கிறது, எனக்கே தெரியும், அணைந்த போன் எப்படி இங்கே வரும். வராது. இருந்தாலும் தள்ளவில்லை. பஸ்ஸில் கடைசி ஸீட்டுக்குப் போகும்போது சில சமயம் தெரிந்தவன் யாராவது டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருந்துவிடுவானோ என்று ஒரு பயம் வரும், மச்சான் முறைக்காரன், பழைய வாத்தியார், அப்படி யாராவது. அந்தப் பயம்தான். கண்ணை மூடிக்கொண்டு தள்ளி, திறந்தேன். அவள் இல்லை. கடைசிவரை இல்லை. இல்லாததற்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. தண்ணீர் குடித்தேன். ஊரான் வீட்டுப் போனெல்லாம் அவள் வாங்கின இணைப்பில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது, அவள் ஒருத்திக்குத்தான் இடம் இல்லை. எந்தப் படவா இவர்களை ஏற்றிவிட்டான்?

ஒவ்வொரு சாதனத்துக்குப் பக்கத்திலும் நிறுத்திவை என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. வண்டியில் எல்லோரையும் போய்ப் போய் டிக்கெட் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, விசிலை ஊதி வண்டியை நிறுத்த வேண்டும், யார் முகம் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றை நிறுத்துவது, ஜன்னலோரம் நின்று தெருவைக் கேட்பது. முதல் ஆளை நிறுத்தினேன். ஒன்றும் இல்லை, காக்கைச் சத்தம், தண்ணீர் லாரி. விட்டுவிட்டு அடுத்ததை நிறுத்தினேன். கீழ் போர்ஷனில் குடியிருக்கிற பெண்ணின் குழந்தை வீலென்று கத்தியது, பொம்மைப் படம் நின்றுபோயிருக்கும், அதைக் காட்டித்தான் இட்லி ஊட்டுவாள். "இருடா தங்கம், வந்துரும், வந்துரும்" என்கிறாள். ஐயோ பாவம், சட்டென்று திறந்துவிட்டேன். அடுத்தது நிறுத்தினால் எதிர்வீட்டு மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கிற டீச்சர் "ஹலோ, ஹலோ, நான் பேசறது கேக்குதா?" என்று யாரையோ கேட்கிறாள். நல்ல வேடிக்கைதான். எவ்வளவு நாளைக்கப்புறம் இப்படி உற்றுக் கேட்கிறேன். இந்தத் தெருவில் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்பதே தெரியாமல்தான் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேனா. இவர்களுக்கெல்லாம் யார் சொன்னது? சுலோசனாதான் சொல்லியிருக்க வேண்டும், வேறு யார். ஆனால் அவள் ஒரு கரண்டி சர்க்கரையைக் கூடக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவள் ஆயிற்றே. கொத்தமல்லிக் கட்டு வாங்கினால் வேரைக்கூட வீசியெறிய யோசிக்கிறவள். அவள் எதற்கு ஊருக்கெல்லாம் வாரி இறைக்கிறாள்? அடுத்த பொத்தானை அழுத்தினேன். கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் மாரப்பனின் இஸ்திரி வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் அறுந்தது.

கையும் களவுமாக ஆள் சிக்கினால் உள்ளே ஒரு சூடு ஏறும், அது ஓய்வு பெற்றாலும் போகவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படி இறங்கினேன். மாரப்பன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கரிச்சூட்டில் வேட்டி வாசனை. என் வெள்ளைச் சட்டைதான் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. "மாரப்பா, எங்க வீட்டு நெட்டு உனக்கெப்படி வருது?" என்றேன், செக்கிங் குரலில். அவன் பயப்படவே இல்லை. "அம்மாதானுங்க குடுத்தாங்க" என்றான். நீ கேட்டாயா என்றேன். "நான் எங்கீங்க கேட்டேன். துணி குடுக்க வந்தவங்க அவங்களாத்தான், மாரா, பாட்டுக் கேக்கறதுக்கு உனக்குக் காசு ஆவுமில்ல, எங்க வீட்டுதுல போட்டுக்கன்னாங்க. ஒவ்வொரு எழுத்தாச் சொன்னாங்க. எனக்கு இங்கிலீசு எழுத்து வராதுங்களா, நின்னு பொறுமையாச் சொல்லிக் குடுத்தாங்க. பாப்பா பேருங்களான்னு கேட்டேன். ஆமான்னாங்க." அவன் பெட்டியை எடுத்து ஓரமாக நிறுத்தினான். அவன் இன்னும் ஏதோ சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி தெரிந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க சார். வாரத்துல ரெண்டு நாளாச்சும் வருவாங்க. துணி இருந்தாலும் இல்லீன்னாலும். நெட்டு வருதா மாரான்னு கேப்பாங்க. வருதுங்கம்மான்னுவேன். பாஸ்வேர்டு மறந்துட்டியா, சொல்லு பாக்கலாம்னுவாங்க. நாஞ் சொல்லுவேன். கேட்டுப்போட்டுப் பேசாம நிப்பாங்க செத்த நேரம். அப்பறம் போயிருவாங்க." அவன் வாய் அடுத்து அந்தப் பேரைச் சொல்லப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது, உதடு குவிந்தது, நான் கையைத் தூக்கிவிட்டேன், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. "வேண்டாம்" என்றேன். "சரிங்க சார்" என்றான். பாட்டு வந்துவிடும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். படி ஏறினேன்.

சொல்லு பாக்கலாம். மகளைச் சின்ன வயதில் சுலோசனா இப்படித்தான் கேட்பாள், வாய்ப்பாட்டை, ஆத்திசூடியை, சொல்லு பாக்கலாம் சொல்லு பாக்கலாம் என்று. இப்போது இஸ்திரிக்காரனிடம் போய் நின்று கேட்கிறாள். பெற்ற பெண் பேரை அடுத்தவன் வாயிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு, என் சட்டையையும் மடித்து எடுத்துக்கொண்டு, மாடியேறி வந்து எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்தேன். பச்சை விளக்கு மினுக்கியது. ஆப்பைத் திறந்து நிறுத்தியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். அறியப்படாத சாதனம் என்று நிற்கிற ஒவ்வொன்றும் அவள் எங்கேயோ போய் நின்று அந்தப் பேரைச் சொன்ன ஒரு தடவை. கீழ் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு தடவை, டீச்சருக்கு ஒரு தடவை, மிச்சமெல்லாம் யாரோ, பால்காரனாக இருக்கும், காஸ் போடுகிறவனாக இருக்கும், பக்கத்துக் காலி மனையில் கொத்து வேலைக்கு வருகிறவர்களாக இருக்கும். எழுதிக் கொடுத்திருந்தால் வேலை சுலபம், எழுதியே கொடுத்திருக்க மாட்டாள், வாயால்தான் சொல்லியிருப்பாள், ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, எதிராளிக்குப் புரியவில்லை என்றால் இன்னொரு தடவை. புரியாமல் போகட்டும் என்று கூட வேண்டியிருப்பாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன். பேப்பர் படித்தேன். ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டேன். எனக்கு ஆகாது, எனக்கு ஆகாது என்று வீடு முழுக்க என் ஆகாமையைப் பரப்பிவைத்து, அதில் அவளுக்கு உட்கார இடமில்லாமல் செய்தேன். அவள் அழுதால் நான் சாய்ந்துவிடுவேன் என்று அவள் அழுகையையும் சேர்த்து நானே எடுத்துக்கொண்டேன். துக்கத்தில் கூட ஜன்னலோர ஸீட்டு எனக்கு, அவள் இத்தனை தூரமும் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. வெளியேதான் வரவில்லை.

கேட் சத்தம். சுலோசனா பையைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தாள். பீர்க்கங்காய் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்ததும் பையை அப்படியே கீழே வைத்தாள். "ஏனுங்க, என்ன பண்ணுது? மாத்திரை போட்டீங்களா?" மாத்திரையெல்லாம் போட்டாயிற்று என்றேன். கேபிள் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள், யார் யாரோ நம் நெட்டில் ஏறியிருக்கிறார்கள், பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமாம் என்றேன். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். ஒரு இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். மாரப்பனிடம் போய் வந்தேன் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது, செருப்பு படியில் ஒன்றும் வாசலில் ஒன்றுமாகக் கிடந்ததே. "நாந்தானுங்க குடுத்தேன்" என்றாள். "வேணும்னு பண்ணலீங்க. கேட்டாங்க, குடுத்துட்டேன்." அவளும் பொய் சொல்கிறாள். இரண்டு பேரும் டிக்கெட் இல்லாமல்தான் இருக்கிறோம். "மாத்திருங்க. அந்தப் பொண்ணு சொல்றது நல்லதுதான். உங்களுக்கும் அது ரோதனைதானே. வண்டி நம்பர் ஏதாச்சும் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். பீர்க்கங்காயை எடுத்து வைக்கிற சத்தம். தக்காளியை எடுத்து வைக்கிற சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. குழாயைக் கூடத் திறக்கவில்லை. சமையலறையில் அவள் சும்மா நின்றுகொண்டிருக்கிறாள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள், கடைசியாக மிச்சமிருந்த இதையும் எனக்காகவே எடுத்துக் கொடுத்துவிட்டு நிற்கிறாள்.

கேபிள் ஆபீஸ் நம்பரைப் போட்டேன். ஸ்பீக்கரையும் போட்டேன், அவளுக்குக் கேட்கட்டும் என்று. "சொல்லுங்க சார், அம்மா வந்துட்டாங்களா?" என்றாள் பிரபாவதி. வந்துட்டாங்க என்றேன். "பழசு சொல்லுங்க சார்." சுலோசனா கதவு ஓரம் வந்து நின்றாள். கையில் கறிவேப்பிலைக் கொத்து. நான் வாயைத் திறந்தேன். முதல் எழுத்துக்கே மூச்சு போய்விட்டது, மீதி வரவில்லை. "சார்? கேக்கலீங்க சார். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க." சுலோசனா ஓடி வந்தாள். "குடுங்க, நாஞ் சொல்றேன், உங்களுக்கு முடியாது, குடுங்க" என்று போனுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கறிவேப்பிலை இரண்டு பேர் கைக்கும் நடுவில் கசங்கி வாசம் அடித்தது. பஸ்ஸின் முன்படியில் நின்று பின்படிக்கு எட்டுகிற மாதிரி குரல் கொடுப்பேனே, அந்தக் குரல் எங்கே இருந்தோ வந்தது. "தாரணி" என்றேன். நான் விழவில்லை. நெஞ்சு கிழிந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் நின்றுகொண்டுதான் இருந்தேன். சுலோசனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கத் தோன்றவில்லை, ஒரு கை என்னிடம் இருக்கிறது. "ஓகே சார், கேட்டுருச்சுங்க" என்றாள் பிரபாவதி. "புதுசு என்ன வெக்கறீங்க சார்?" அதேதாம்மா என்றேன். "அதே வெக்க முடியாதுங்களே. பின்னால ஏதாச்சும் ஒரு நம்பர் வேணா சேத்துக்கலாம்." சேத்துக்கோ, ஒன்று என்று சேத்துக்கோ என்றேன். "அப்பப் பேரு அதேதானுங்களா? பழைய ஆளுக எல்லாம் கட்டாயிருவாங்க சார், திருப்பி எல்லாருக்கும் சொல்லணும், பரவால்லீங்களா?" பரவாயில்லை என்றேன். "செரி, இன்னொரு தடவை பேரைச் சொல்லுங்க சார், டைப் பண்ணிக்கிறேன்." நான் போனை சுலோசனாவிடம் நீட்டினேன். நீ சொல்லு என்றேன். அவள் போனை வாங்கவில்லை, போனைப் பார்க்கவும் இல்லை. மாடிப் படிப் பக்கம் திரும்பினாள். மேலே வேலையாக இருப்பவளைச் சோறு ஆறுகிறது வா என்று கூப்பிடுகிற மாதிரி, வீடு முழுக்கக் கேட்கும்படி, தாரணீ என்றாள்.